பெட்டியில் அடை

தை 20
நாட்டுக்கோழி ஒன்றின் வயிற்றுச் சூட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அடங்கும். இருபத்தொரு நாள் அடை, அப்புறம் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரிவது என்று, மறுபடி முட்டைக்கு வர மூன்று மாதம் ஆகிவிடுகிறது. பெட்டி செய்ததற்குக் காரணம் இந்தக் கணக்குதான். தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டர் விசிறி, தெர்மோஸ்டாட், கிண்ணத்தில் தண்ணீர். சூடு 37.5 டிகிரி செல்சியஸ். ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பொறுக்கி, ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி போட்டுப் படுக்க வைத்தேன்.

அப்பத்தா தன் பங்குக்கு ஒரு கோழியை ஐந்தாறு முட்டையோடு அடை வைத்தது. கூடையில் மணல், வைக்கோல். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டு, கரி, வரமிளகாய். “ஒம் பெட்டிக்கு மொளகா வேணாமாடா?” என்றது.

தை 24
காலை, மதியம், இரவு முட்டையைத் திருப்புகிறேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழி இதை அலகாலேயே செய்கிறது. ஓரத்து முட்டையை நடுவுக்கும் இழுத்துக்கொள்கிறது. எகிப்தில் பன்னெடுங்காலமாகச் சாண எரு மூட்டிய மண் அறைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்தார்கள். வெப்பமானி கிடையாது, முட்டையை இமையில் வைத்துச் சூடு பார்ப்பார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான் தெரிந்தது.

தை 27
இருட்டறையில் செல்போன் டார்ச். கரு பிடித்த முட்டைக்குள் சிலந்திக்கால் போலச் செந்நரம்புகள், நடுவில் ஒரு கரும்புள்ளி துடிக்கிறது. வெறுமனே வெளிச்சம் ஊடுருவியவற்றை எடுத்துவிட்டேன். கிடந்தால் கூமுட்டையாகி வெடிக்கும்.

மாசி 3
மதியம் கரண்ட் இல்லை. பெட்டியைத் திறக்காமல் சாக்கைப் போட்டு மூடினேன். கோழியும் தினம் கொஞ்ச நேரம் இரைக்கு இறங்கத்தானே செய்கிறது. சிறிது நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கத்து ஊர்கள் பல, நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு நாள் வந்தால் கூடைக் கோழிதான் கதி.

மாசி 8
திருப்புவதை நிறுத்தியாயிற்று. இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைத்தேன். ஈரம் குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும்.

மாசி 11
ஓடு உடையும் முன்பே உள்ளிருந்து கீச்சுச் சத்தம். குஞ்சு முதலில் முட்டைக்குள் இருக்கும் காற்றறையைக் குத்தித்தான் மூச்சு விடுகிறது. ஓட்டைக் கொத்துவது அதற்கப்புறம். விரிசல் விட்டும் மணிக்கணக்கில் அசைவில்லை. கை பரபரக்கிறது. ஆனால் சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றுவதற்குள் உரித்தால் ரத்தம் கசியும். மிச்ச மஞ்சள்கரு வயிற்றுக்குள் போவதற்கும் அந்த நேரம் வேண்டும். அதன் பலத்தில்தான் இரண்டு நாள் இரையில்லாமல் இருக்கும்.

மாசி 12
கூடையிலும் பொரித்துவிட்டது. பெட்டி அடை கிடக்கும், சரி. இரை கிளறிக் காட்டவும், பருந்து நிழல் கண்டால் குரல் கொடுத்து இறக்கைக்குள் இழுக்கவும் அதற்கு யார் சொல்லித் தருவது? பல்பு வெளிச்சத்தில் வளர்ந்த குஞ்சு கீரிக்கு முன்னாலும் நிற்கும். ராத்திரி எல்லாம் அடங்கியதும் அப்பத்தா பெட்டிக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கோழியின் வயிற்றடியில் சொருகியது. பகலில் விட்டால் கொத்தும். இருட்டில் எண்ணிக்கை தெரியாதாம். இறக்கைக்குள் கொள்ளாத மிச்சத்துக்கு மட்டும் பல்பு.

மாசி 19
வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து. கரைத்தால் உடனே போட்டு முடிக்க வேண்டும்; குப்பியோ நூறு குஞ்சுக்கு வரும். தெருவில் சொல்லியிருக்கிறேன், கூடை கூடையாகத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.