குருவின் கரமும் தூரிகையும்

எம்முடன் பயின்ற நண்பரொருவர் குருமடஞ் சேர்ந்த காலை, வர்ணப் பெட்டியையும் உடன்கொண்டு செல்லக் கண்டு யாம் நகைத்தோம். ஆன்மாக்களை மீட்கப் புறப்படுவார்க்குச் சித்திரம் எதற்கு என்றோம். அச்சொல் அவர் நெஞ்சைத் தைக்க, ஈராண்டு தூரிகையைத் தொடாதிருந்தனராம்.

அவரை மீட்டவர் குருமடத்து ஆசிரியர் ஒருவர். புளோரன்ஸ் நகரத்து அர்ச். மாற்கு மடத்திலே, 1440-ஆம் ஆண்டையொட்டி, சாமிநாதர் சபைக் குருவாகிய பிரா ஆஞ்சலிக்கோ துறவிகளின் சிற்றறைகள்தோறும் சித்திரந் தீட்டினார். அவை ஊரார் புகழ்தற்கல்ல, தனித்திருந்து தியானிப்பார்க்கு. மாடிப்படியின் தலைப்பிலுள்ள மங்கள வார்த்தைச் சித்திரத்தின்கீழ், கடந்து செல்வோர் அருள்நிறை மந்திரஞ் சொல்ல மறவற்க என எழுதப்பட்டுளது. திருச்சபை 1982-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது. குருமாணவர் திருக்கலையின் வரலாற்றைக் கற்றல் வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1963-இல் விதித்தது. இவையனைத்தும் அவ்வாசிரியர் கற்பித்தவை.

சென்ற ஆண்டு நண்பர் குருப்பட்டம் பெற்றார். பீடத்தின்முன் முகங்குப்புற வீழ்ந்து கிடந்து எழுந்தவர்மீது மேற்றிராணியார் கரங்கள் வைத்துச் செபித்து, அவர்தம் உள்ளங்கைகளில் அர்ச்சிஷ்ட தைலம் பூசினார். கோயிற் சுவரில் அவர் வரைந்த மங்கள வார்த்தைச் சித்திரம் இருந்தது. அதன்முன் கிழவி ஒருத்தி, யாரும் ஏவாமலே, முழந்தாளிட்டுச் செபித்தாள். எம் பழைய வினாவிற்கு விடை அங்கிருந்தது.

புதுக் குருவின் கரங்களை முத்தி செய்யும் முறை எமக்கும் வந்தது. நகக்கணுவில் நீல வர்ணம் கழுவப்படாதிருந்தது. மன்னிப்புக் கேட்டோம். அவர் முறுவலித்து, எம் சென்னிமேல் கை வைத்தார்.