சினிமாவுக்கு ஓர் உரை

ஏழு சீருள்ள குறளுக்குப் பரிமேலழகர் பல வரிகளில் உரை வகுத்தார். மூலத்தை உரையோடு கற்பது தமிழருக்குப் பழைய வழக்கம். சினிமாவுக்கும் அவ்வாறே ஓர் உரை உண்டென்று அறிந்தபோது, பேரையூரில் குறள் நடத்திவரும் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

1984-ம் வருஷம் அமெரிக்காவில் கிரைட்டீரியன் என்னும் கம்பெனியார் 'கிங் காங்' படத்தை லேஸர் தட்டில் வெளியிட்டனர். அத்தட்டில் ஒலிப்பாதை இரண்டு. ஒன்றில் படத்தின் சம்பாஷணை. மற்றதில் ரொனால்ட் ஹேவர் என்ற அறிஞர், காட்சி ஓட ஓட, அது எடுக்கப்பட்ட விதத்தை விளக்கிச் சொன்னார். பின்னர் வந்த டி.வி.டி. தட்டுகளில் டைரக்டர்களே பேசலாயினர். நீக்கிய காட்சிகளும் உடன் வந்தன.

நமது 'தியாக பூமி'க்கு அத்தகைய உரை இருந்திருந்தால்! 1939-ல் கே. சுப்பிரமணியம் எடுத்த அப்படத்தின் கதையைக் கல்கி 'ஆனந்த விகட'னில் எழுதிவர, படக்காட்சிகளே அதற்குச் சித்திரங்களாயின. தேசிய உணர்ச்சியை ஊட்டிய அப்படத்தை அன்னிய சர்க்கார் தடை செய்தனர். அந்த விருத்தாந்தத்தை டைரக்டரே சொல்லக் கேட்பது எத்தகைய சரித்திர பாடமாயிருக்கும்! ஆனால் கல்கி 1954-லும், சுப்பிரமணியம் 1971-லும், சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன் 1973-லும் மறைந்தனர். தட்டு வருமுன் குரல்கள் போய்விட்டன.

இன்று தட்டுகளும் அருகிவிட்டன. இணையத்தில் படம் வருகிறது. உரை பெரும்பாலும் வருவதில்லை. மூலம் பிழைத்து உரை மாய்ந்தால், பின்வருவோர் ஊகித்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். குரலைப் பதிய இப்போது ஒரு கைபேசி போதும். முதிய கலைஞர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அவர்கள் படத்தை அவர்கள் முன் ஓட்டி, சொல்வதையெல்லாம் பதிந்து வைப்போமாக.