இடது இறக்கை

என் அக்கா மகன் என் விமானத்தை உடைக்கவில்லை. அவன்தான் உடைத்தான் என்று எங்கள் குடும்பத்தில் இத்தனை வருடமாகப் பேசிவருகிறார்கள். அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான். நம்பவைத்தவன் நான். அந்த விமானம் ஏன் விழும் என்பது, அது விழுவதற்கு வெகுநாள் முன்பே எனக்குத் தெரியும்.

கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது, கம்பியில் கட்டி வட்டமாகச் சுற்றவிடும் மாடல் விமானங்களை சீனியர்கள் பறக்கவிடுவார்கள். அன்றைக்குப் பிடித்த ஆசை இது. ரேடியோ ரிமோட்டில் பறக்கும் ஒன்றை பிளானைப் பார்த்து, குச்சி குச்சியாக என் கையாலேயே கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வேலை, கல்யாணம் என்று காலம் போய்விட்டது. 2018-ல் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழுவுக்கு நடிகர் அஜித்குமார் ஆலோசகரானார். அதே வருடம் அந்தக் குழு ஆஸ்திரேலியாவில், ஆளில்லா விமானத்தில் மருத்துவ உதவி கொண்டுசெல்லும் போட்டியில் இரண்டாமிடம் பிடித்தது. எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் அந்தச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, “மாமா, நாமளும் ஒண்ணு செய்யலாமா?” என்றான். அவன் கேட்டிருக்காவிட்டால் நான் தொடங்கியே இருக்க மாட்டேன்.

எடுத்துக்கொண்டது புதிதாகப் பழகுபவர்களுக்கான மாடல். உடலுக்கு மேலே இறக்கை, ஐந்தடி நீளம். வீட்டு பிளான் அச்சடிக்கும் காஞ்சிபுரம் கடையில் அதன் பிளானை முழு அளவில் எடுத்துவந்தோம். பழைய கதவு ஒன்றைச் சமமாகக் கிடத்தி, அதன்மேல் தாளை ஒட்டி, பசை பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக் விரித்தோம். பால்சா கட்டையைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். ஈக்வடாரில் விளையும் மரம். தேக்கு கன மீட்டருக்கு 600 கிலோவுக்கு மேல் நிற்கும். இது 150 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். இறக்கைக்கு விலா எலும்பு மாதிரியான ரிப்புகளை அவன் வெட்டுவான், நான் உப்புத்தாள் போடுவேன். ஒவ்வொரு ரிப்பையும் கோட்டின்மேல் நிறுத்தி, குண்டூசி குத்தி, இறக்கையை நீளவாக்கில் தாங்கும் ஸ்பார் குச்சியோடு ஃபெவிகால் வைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது. அதனால்தான் பின்னால் நான் செய்தது இன்னும் உறுத்துகிறது.

வலது இறக்கையை முறையாகக் காயவிட்டேன். இடதைச் செய்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் பசையின் ஈரமே பால்சாவை முறுக்கிவிடும், காற்றிலும் ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். குண்டூசியைப் பிடுங்காமல் இரண்டு நாள் விட்டுவைப்பதுதான் சரி. எனக்குப் பொறுக்கவில்லை, மறுநாள் காலையிலேயே பிடுங்கி எடுத்துவிட்டேன். சாயங்காலம் பலகையில் வைத்துப் பார்த்தால், நுனிப் பக்கம் முன்விளிம்பு எழுந்து நின்றது. நாலைந்து மில்லிமீட்டர் இருக்கும். அழுத்தினால் படிந்தது, கையை எடுத்தால் எழுந்தது.

இதற்கு மருந்து உண்டு, எனக்கும் தெரியும். இந்த இறக்கைக்கு மேலே பலகை போர்த்துவதில்லை, வெறும் எலும்புக்கூடுதான். அதன்மேல் சூட்டில் ஒட்டிச் சுருங்கும் ஃபிலிமைப் போர்த்திய பிறகு, ஒருவர் இறக்கையை எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் போதும். ஃபிலிம் இறுகி, முறுக்கை நேராக்கிப் பிடித்துக்கொள்ளும். நாலு கை வேண்டிய வேலை. நாலு கை எங்களிடம் இருந்தது.

ஃபிலிம் போர்த்துவதை மட்டும் நான் தனியாகச் செய்தேன். அரக்கு நிறத்தில் உடல், மாம்பழ மஞ்சளில் கரை. எங்கள் பக்கத்துக் கண்ணுக்குப் பழகிய ஜோடி. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு குமிழ் இல்லை. கரை சேரும் கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. என் வாழ்நாளில் என் கையால் அவ்வளவு அழகாக எதுவும் வந்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாம் தொட்டுப் பார்த்தார்கள்.

அவன் தொடவில்லை. இறக்கையின் நுனிக்கு நேரே குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். அவன் அப்பா தறிக்காரர். கோர்வைப் புடவை நெய்யும்போது, விடுமுறை நாளில் இவன் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுப்பான். பாவில் ஓர் இழை தளர்ந்தாலும் அவன் கண்ணுக்குப் பட்டுவிடும். “மாமா, இந்தப் பக்கம் தூக்கினு இருக்கு” என்றான்.

“அது அப்படித்தான்டா இருக்கணும். பிளான்லயே இருக்கு” என்றேன். “வாஷ்அவுட்னு பேரு. நீ இன்னும் படிக்கல.”

அவன் தலையாட்டிக்கொண்டான்.

வாஷ்அவுட் என்பது உண்மையில் இருக்கிறது, பொய்க்கு எனக்கு அதுதான் வசதியாகப் போயிற்று. இரண்டு இறக்கை நுனியிலும் முன்விளிம்பு சற்றே கீழே தாழும்படி ஒரே அளவில் முறுக்குவார்கள். வேகம் குறையும்போது நுனி தூக்குவிசையைக் கடைசியாகத்தான் இழக்க வேண்டும் என்பதற்காக. என் இறக்கையில் இருந்தது அதற்கு நேர்மாறு. முன்விளிம்பு மேலே நின்றது, அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். இப்படி இருந்தால் வேகம் குறைந்த கணத்தில் அந்த நுனிதான் முதலில் தூக்குவிசையை இழக்கும். அந்தப் பக்கம் சடாரென்று விழும். இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். சூடு காட்டினால் மஞ்சள் கரையின் ஒட்டு பிரிந்து கோடு கெட்டுவிடும் என்று பயந்தேன். அதைவிடப் பெரிய காரணம், அவனைக் கூப்பிட்டு “நீ சொன்னது சரி, வா பிடி” என்று சொல்ல வேண்டியிருந்தது. பதின்மூன்று வயதுப் பையனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சம்பா அறுவடை முடிந்து கழனி காய்ந்தபின் ஒரு காலையில் எடுத்துப்போனோம். ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். மோட்டாரைப் போடாமல், புல் உயரமாக இருக்கும் இடத்தில் முதலில் கையால் எறிந்து மிதக்கவிட்டுப் பார்க்கச் சொல்லி பிளானிலேயே குறிப்பு இருந்தது. அதைச் செய்திருந்தாலே ஒரு பக்கம் இழுப்பது தெரிந்திருக்கும். ஃபிலிமில் கீறல் விழும் என்று விட்டுவிட்டேன். ரிமோட் என் கையில். விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அவன் நின்றான். காற்றுக்கு எதிராக நாலு எட்டு ஓடி, இறக்கையைச் சமமாக வைத்து, மூக்கு நேராக இருக்கும்படி தள்ளினான். நான் பார்த்தேன், நேராகத்தான் தள்ளினான். போதுமான வேகம் பிடிக்கும் முன்னால் நான் எலிவேட்டரை இழுத்தேன். மூக்கு மேலே ஏறியது, வேகம் செத்தது, இடது இறக்கை விழுந்தது. ஒரு புரளல், நேரே தாள் நின்ற கழனியில் குத்தியது. மோட்டார் இருந்த முன்பக்கம் பிளந்து, இடது இறக்கை ஸ்பாரோடு முறிந்து கிடந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “இடது பக்கம் சாய்ச்சுத் தள்ளிட்டியேடா!” என்று கத்தினேன். யோசித்துச் சொன்னதல்ல, ஆனால் சொன்ன அடுத்த கணமே பொய் என்று தெரியும். திருத்தவில்லை. வீட்டிலும் அதையேதான் சொன்னேன். அக்கா அவனை அடித்தாள். அப்போதும் நான் அங்கேதான் இருந்தேன்.

அதன்பிறகு அவன் என் வீட்டுப் பட்டறைப் பக்கம் வரவில்லை. பரீட்சை என்றான், டியூஷன் என்றான். நானும் கூப்பிடவில்லை. முகத்தைப் பார்க்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

எங்கள் ஏனாத்தூருக்குப் பக்கத்தில் உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைத் தேர்தல் விதிகள் இருக்கின்றன. கி.பி. 919-லும் 921-லும் பொறித்தவை. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்ததுதான். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனின் பெயரைக் குடத்தில் போடக்கூடாது என்று அதில் ஒரு விதி. அவனுடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக்கூடாது. வெளியூர் விருந்தாளிகளுக்கு அந்தச் சுவரை நான்தான் காட்டுவேன். உறவினர்களுக்குமா தண்டனை என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கணக்கை மறைத்தவன் நான், விலக்கி வைக்கப்பட்டவன் அக்கா மகன்.

அப்புறமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. போன தை மாதம் ஒரு சீமந்தத்தில், அவன் தன் கல்லூரி நண்பனிடம் என்னைக் காட்டி, “மாமா சூப்பரா ஒரு பிளேன் செஞ்சார்டா, நான்தான் போட்டு உடைச்சுட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. பந்தி முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிவந்து, பரணிலிருந்து இரண்டு இறக்கைகளையும் இறக்கினேன். இடதின் நுனித் துண்டை அதே கதவுப் பலகையில் வைத்தேன். முன்விளிம்பு இன்னும் எழுந்துதான் நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன்: குண்டூசியை முன்னாலேயே பிடுங்கியது, மஞ்சள் கரை, எலிவேட்டரை இழுத்தது, கத்தியது.

அவன் கோபப்படுவான் என்று நினைத்தேன். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “அப்போ அந்த வாஷ்அவுட் பிளான்ல இல்லையா மாமா?” என்றான்.

நான் அதை மறந்தே போயிருந்தேன். அவன் மறக்கவில்லை. நேராக இல்லை என்று கண்ணுக்குப் பட்டாலும், ‘நமக்குத் தெரியாத காரணம் ஏதாவது இருக்கும்’ என்று அதற்கப்புறம் பல இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிறானாம். தறியில்கூட அப்பாவிடம் சொல்வதை நிறுத்திவிட்டானாம்.

பிளானை விரித்துக் காட்டினேன். இரண்டு இறக்கையும் தட்டையாக, ஒரே மாதிரி வரைந்திருந்தது. முறுக்கு என்று எங்கேயும் எழுதவில்லை. விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். அக்காவிடமும் அவன் அப்பாவிடமும் நானே வந்து சொல்கிறேன் என்றேன். மறுநாள் போய்ச் சொன்னேன். அக்கா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவன் பிளானைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். மறுபடி கட்டுவதானால் இறக்கை நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது உன் வேலை, நீ சொல்லாமல் நான் ஃபிலிம் போர்த்த மாட்டேன் என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.