இருபது மடங்கு

சூயிங்கம் வைத்திருந்தால் சிங்கப்பூரில் ஜெயில் என்று வெளிநாட்டு நண்பர்கள் இன்னும் கிண்டல் பண்ணுவார்கள். ரயில் கதவுகளில் ஒட்டிவைத்துத் தொல்லை கொடுத்ததால் 1992 ஜனவரியில் வந்த தடை அது. கொண்டுவந்து விற்பவருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் என்பதைக் கேட்டுச் சிரிக்கலாம். 2004இல் மருத்துவக் குணமுள்ள கம்முக்கு மட்டும் கொஞ்சம் கதவைத் திறந்தார்கள். உண்மையில் நம்ம ஆட்கள் மாட்டுவது கம்மில் இல்லை, புகையிலையில்.

இங்கே வரும் பயணிக்கு சிகரெட்டில் வரிவிலக்கு கிடையாது. ஒரே ஒரு சிகரெட் என்றாலும் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். மறைத்தால் ஏய்த்த வரியைப்போல 20 மடங்கு வரை அபராதம், சிறையும் உண்டு. வாயில் அதக்கும் புகையிலைக்கு இந்த வழியும் இல்லை. வரி கட்டிக் கொண்டுவரும் பேச்சே கிடையாது, முழுத் தடை.

கட்டுமானத் தளத்தில் வேலை பார்ப்பதால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 2023 பிப்ரவரியில் வரி ஏறியபோது ஒரு சிகரெட்டுக்கு 49.1 காசு. ஒரு கார்ட்டனில் 200. ஆக 98 வெள்ளி 20 காசு. பொருள் சேவை வரி தனி. இருபதால் பெருக்கினால் 1,964 வெள்ளி. நாளுக்கு 25 வெள்ளி வாங்குகிறவர் என்று வைத்துக்கொள்வோம்: ஏறத்தாழ 79 நாள் கூலி. அதே கார்ட்டனோடு நான் மாட்டினால் வலிக்கும், அவ்வளவுதான். வீட்டுக்குப் பணம் அனுப்புவது நிற்காது.

ஏய்த்த வரியைப் பெருக்கும் சூத்திரம் லாரியில் ஆயிரம் கார்ட்டன் கடத்துகிறவனுக்குப் பொருத்தமானது. சரக்கு கூடினால் தண்டனையும் கூடுகிறது, நியாயம்தான். பையில் ஒன்று வைத்திருப்பவரின் சம்பளம் மட்டும் அந்தச் சூத்திரத்தில் எங்கேயும் வருவதில்லை. அதற்காக மடங்கைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைத்தால் முதலில் சந்தோஷப்படுவது லாரிக்காரன்.

எனக்குக் கோபம் வேறு இடத்தில். ஊருக்குப் போகும்போது இந்தியச் சுங்கம் 100 சிகரெட் வரை விடுகிறது. விமான நிலையக் கடையில் 'வரியில்லை' என்று பளபளவென்று பலகை. இதையெல்லாம் பார்த்தவர், திரும்பி வரும்போதும் அதே சட்டம்தான் என்று நினைப்பதில் என்ன ஆச்சரியம்? கடையில் வரி வாங்கவில்லை என்பதும் இறங்கும் ஊரில் வரி இல்லை என்பதும் வேறு வேறு. இதை அவருக்கு ஏஜென்ட் சொல்வதில்லை. சம்பளத்தில் எதெல்லாம் பிடிப்பார்கள் என்பதையே முழுதாகச் சொல்லாத ஆள், இதையா சொல்லப் போகிறார்?

எங்கள் தளத்தில் புதிதாக வருபவர்களுக்கு முதல் நாள் பாதுகாப்பு விளக்கம் நடக்கும். ஹெல்மெட், உயரத்தில் கட்டும் பெல்ட் எல்லாம் முடிந்ததும் தமிழில் ஐந்து நிமிடம் இதையும் பேசுகிறேன். அவர்கள் ஏற்கெனவே எல்லையைத் தாண்டி வந்துவிட்டவர்கள். ஆனால் எல்லாரும் ஒருநாள் லீவுக்குப் போய்த் திரும்புவார்கள். போன தடவை பின்வரிசையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார்:

"சார், பீடிக்குமா?"

பீடிக்கும்தான் அண்ணே. அதற்கு எடைக் கணக்கு.

"அப்ப ரூம்ல இருக்கிற பசங்களுக்கு போன் போட்டுச் சொல்லணும் சார். ஒருத்தன் நாளைக்கு திருச்சியிலேர்ந்து ஏறுறான்."