எட்டாம் இலக்கப் பிள்ளையை நம்பலாமா?

பொத்துவில்
ஜூலை மாதம்

அன்பின் மச்சான்,

அக்கரைப்பற்றில் பஸ் மாறி, பகல் சாப்பாட்டுக்கு முன்பே பொத்துவில் வந்து சேர்ந்தேன். அறுகம்பைப் பக்கம் சீசன் களைகட்டியிருக்கிறது. கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள் ரோட்டெல்லாம் பலகையும் கையுமாகத் திரிகிறார்கள். நான் அஸர் தொழுதுவிட்டுப் பொடியன்மார் உதைபந்து விளையாடும் இடத்துக்குப் போனேன். அங்கே கண்டது சந்தாங்கேணி மைதானத்தில் நீ பழக்கும் பிள்ளைகளுக்கும் தேவையான விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

கச்சான் காற்று கடலை நோக்கி வீசிக்கொண்டிருந்தது. பின்களத்திலிருந்து உயர்த்தி அடித்த பந்தெல்லாம் வளைந்து கோட்டுக்கு வெளியே போனது. ஆனாலும் வெளியில் நின்றவர்கள், “அடிச்சுத் தள்ளு” என்றே கத்தினார்கள். நடுக்களத்தில் எட்டாம் இலக்கச் சட்டையோடு மெலிந்த பிள்ளை ஒருவன். பந்து காலுக்கு வருமுன்பே ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்வான். வந்ததும் பாதத்தின் உட்பக்கத்தால், எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவால் தரையோடு தள்ளிவிடுவான். அப்படிக் கொடுத்த ஒன்று கோலானது. இன்னொன்று இடையில் பறிபோய், எதிரணிக்குக் கோலானது. உடனே சொந்த அணியே அவனை ஏசியது. அதற்குப் பிறகு அவன் பக்கத்தில் நின்றவனுக்கு மட்டுமே பந்து கொடுத்தான். அத்தோடு அந்த அணிக்குக் கோல் வரும் வழியும் அடைபட்டது.

பறிபோன ஒரு பந்துக்காக ஆளை அடக்காத அணியும் உண்டு. அமெரிக்கர்களின் கால்பந்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன் குவாட்டர்பேக். 2015 பெப்ரவரி 1ஆம் திகதி நடந்த சூப்பர் போல் இறுதிப் போட்டியில் சியாட்டில் அணிக்கு வெற்றிக்கு ஒரே ஒரு யார் தூரம் பாக்கி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப் பலசாலியான மார்ஷான் லிஞ்ச் இருந்தார். பயிற்றுவிப்பாளர் பீட் கரோல் எறியச் சொன்னார். குவாட்டர்பேக் ரசல் வில்சன் எறிந்ததை நியூ இங்கிலாந்தின் மல்கம் பட்லர் பறித்துவிட்டார். 28–24 என்று நியூ இங்கிலாந்து வென்றது. ஊரே கரோலைத் திட்டியது. ஆனாலும் அணி வில்சனைக் கட்டிப்போடவில்லை. அடுத்த பருவத்தில் புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 34 எறிந்தார். அதுவரை அவர் ஒரு பருவத்தில் அவ்வளவு எறிந்ததில்லை.

நம் பக்கத்திலும் பாடம் இருக்கிறது. ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம், பந்தை வைத்துக்கொண்டு தனியே வெட்டியாடாமல் விரைவாகப் பாஸ் கொடுக்கப் பழக்கினார். அவர் பயிற்றுவித்த இந்திய அணி 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் எடுத்தது.

அதற்காக எல்லா இடத்திலும் துணிந்து பாஸ் கொடுக்கச் சொல்லவில்லை மச்சான். நம்முடைய கோலுக்கு முன்னால் பந்து பறிபோனால் மீள வழியில்லை. அங்கே பாதுகாப்புத்தான் முதலில். எதிரணியின் பாதியில் பறிபோனால் திரும்ப எடுக்க நேரமிருக்கிறது. அதற்காகக் கிட்ட நிற்கும் இருவர் அந்தக் கணமே பாய வேண்டும். இன்னொருவன் பின்னால் காவல் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவனும் பந்து வருமுன்பே ஓடத் தொடங்க வேண்டும். அவன் ஓடாமல் நின்றதால் வீணாகிய பாஸுக்கும் நாம் எட்டாம் இலக்கத்தானையே ஏசுகிறோம். மற்ற பத்துப் பேரும் தங்கள் வேலையைச் செய்தால்தான் அவனை நம்புகிறோம் என்ற பேச்சுக்கு அர்த்தம்.

1995இல் கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசிய உதைபந்துக் கிண்ணம் எடுத்த நாடு நம்முடைய இலங்கை. அதன் பிறகு அது நமக்குக் கிடைக்கவேயில்லை. துணிந்து பாஸ் கொடுக்கும் பிள்ளைகளைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே ஏசி அடக்கினால், பெரிய அணிக்கு அப்படிப்பட்டவர்கள் எங்கிருந்து வருவார்கள்?

உன் அணியிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பான். அடுத்த மேட்சுக்கு முன்னால் எல்லோரும் கேட்கும்படி அவனிடம் சொல்லு: “வழி தெரிஞ்சா முன்னுக்குக் குடு, பறிபோனா நான் பொறுப்பு.” பறிபோகும்போது அந்தச் சொல்லைக் காப்பாற்று.

இப்படிக்கு,
உன் மச்சான்