உடலின் உரிமை

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை ஆண்டுதோறும் மாணவர்க்குப் பாடமாகச் சொல்லி வந்துள்ளோம். நாவால் சொன்னோம், உடலால் கேட்டோமில்லை. ஐம்பதைக் கடந்தபின் ஒருநாள், அதே பாடத்தின் நடுவே சிறுவன் ஒருவன் எழுந்து, "ஹஜ்ரத், நீங்கள் ஏன் நாற்காலியில் தொழுகிறீர்கள்?" என்று வினவினான். குறும்பு அன்று, அறியும் ஆவல். "முழங்கால் வலியப்பா" என்றோம். அது பாதி உண்மை. மறுபாதி, நம் உடலில் ஏறியிருந்த 86 கிலோ எடை.

நோயுற்றோர் அமர்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அச்சலுகையின் தேவையை நம் கையாலேயே, சோற்றுக் கவளமாக உருட்டி உருட்டி வருவித்துக்கொண்டோம் என்ற எண்ணமே அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. மருத்துவரோ, சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது என்று முன்பே எச்சரித்திருந்தார். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவு உண்டென 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்கூட்டத்தில் ஒருவராக நாமும் சேரவேண்டுமா?

உடற்பயிற்சிக்கு நேரம் தேடினோம். ஸுப்ஹுக்குப் பின் மக்தப் பிள்ளைகள். பகல் முழுதும் பள்ளிக்கூடம். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பெரியவர்களின் குர்ஆன் வகுப்பு. எங்கே இருக்கிறது நேரம்? ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பள்ளிக்கூடத்திற்குப் பேருந்துக்காகக் காத்திருப்பது இருபது நிமிடம். பயணம் பதினைந்து நிமிடம். தாழ்வாரத்தில் துருவேறிக் கிடந்த பழைய ஹெர்குலிஸ் சைக்கிளில் சென்றாலும் அதே முப்பத்தைந்து நிமிடந்தான்! தேடிய நேரம் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

தொடக்கத்தில் ஆர்வம் அறிவை முந்திற்று. முதல் விடுமுறை நாளிலேயே நகரிச் சாலையில் நெடுந்தூரம் மிதித்தோம். 1960 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்த பகுதியன்றோ நம் பள்ளிப்பட்டு! வழியில் கண்டோர் தமிழிலும் தெலுங்கிலும் நலம் விசாரித்தனர். இரு மொழியிலும் விடையிறுக்க மூச்சுத்தான் இல்லை. மறுநாள் முழங்கால் வீங்கிற்று. சைக்கிள் கடைப் பெரியவர் பார்த்துச் சிரித்தார். "சீட்டு ரொம்ப தாழ்வா இருக்கு பாய். கால் மடங்கியே கெடந்தா முட்டி என்ன பண்ணும்?" பெடல் கீழே வரும்போது, அதன்மீது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளவேண்டும்; அதுவே அளவு என்று சீட்டை உயர்த்தித் தந்தார். ஆசிரியராகிய நாம் அன்று மாணவரானோம்.

நற்செயல்களுள் அல்லாஹ்வுக்கு உவப்பானது, சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது நபிமொழியின் கருத்து. அதையே நம் பயிற்சி முறையாக்கினோம். முதல் மாதம் வாரம் இரு நாள், அடுத்த மாதம் மூன்று, பின்னர் ஐந்து. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும் என 2020இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு, போக வர மிதிப்பதிலேயே நிறைவேறிற்று. நோன்பு நாட்களில் மெல்ல மிதித்தோம். வெயில் கடுமையான நாட்களில் பேருந்தே துணை.

ஆயினும் இரு மாதம் கழித்து எடைபார்த்தபோது முள் அசையவில்லை! காரணத்தை இல்லத்தார் சொன்னார்: "காலால் மிதித்ததையெல்லாம் வாயால் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்களே!" உண்மைதான். அரைமணி நேரம் மெதுவாக மிதித்துச் செலவிடுவது ஏறக்குறைய 200 கலோரி. பசியென்று உண்ட இரண்டு பரோட்டா அதனினும் மிகுதியைத் திருப்பித் தந்துவிடும். வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழியை அன்றுதான் தட்டின் முன் அமர்ந்து எண்ணிப்பார்த்தோம். திருக்குறளின் மருந்து அதிகாரமும் இதையன்றோ வேறு சொற்களில் வலியுறுத்துகிறது! இரவுப் பரோட்டா நின்றது. விருந்து வீட்டில் பிரியாணி ஒரு கரண்டியோடு நின்றது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பெருமானாரோடு ஓடி வென்றதும், பின்னாளில் உடல் பருத்தபின் தோற்றதும், அதற்கிது ஈடு என்று நாயகம் கூறியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. பருத்ததைப் பழிக்கவில்லை; ஓட அழைத்தார்கள், அவ்வளவே. நம் இல்லங்களிலும் இப்படி அழைப்போர் வேண்டும்.

பதினான்கு மாதங்களில் எடை 78 கிலோவாயிற்று. இன்னும் குறையவேண்டும், அத்தஹிய்யாத் இருப்பில் முழங்கால் இன்னும் முணுமுணுக்கிறது. ஆயினும் நெற்றி தரையைத் தொடுகிறது. முதல்முறை அப்படித் தொட்ட ஸுப்ஹில், ஸுஜூதிலிருந்து எழ மனமில்லாமல் சற்றே நீட்டித்தோம். பள்ளிவாசலில் நம் நாற்காலி இப்போது வேறொரு முதியவருக்குப் பயன்படுகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தச் சிறுவன் மீண்டும் ஒன்றும் கேட்கவில்லை. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, நம் சைக்கிளின் ஸ்டாண்டை அவனே எடுத்துவிட்டு, கைப்பிடியை நம்மிடம் நீட்டினான்.