மஞ்சள் தரையில் கறுப்பு வட்டங்கள்

சுவர் இல்லை, கல் இல்லை, செங்கல்லும் இல்லை. ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் சர்மாத்தியர் ஊர் ஒன்றைத் தோண்டுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கப் போகிறவர் முதலில் ஏமாந்துதான் போவார். மஞ்சள் தரையில் அங்கங்கே கறுப்பு வட்டங்கள், அவ்வளவுதான்.

அந்த வட்டங்கள்தான் ஊர்: மண் நிறைந்துபோன பழைய குழிகள். கருங்கடலின் வடக்குப் புல்வெளியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டில் மேற்கே வந்த சர்மாத்தியர் என்ற நாடோடி மக்களின் யாசிகெஸ் கிளையினர் இந்தச் சமவெளியில் தங்கினார்கள். குதிரைப்படைக்குப் பேர்போனவர்கள். 175இல் ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுடன் சமாதானம் ஆனபோது அவர்கள் கொடுத்த 8,000 குதிரைவீரர்களில் 5,500 பேர் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள் என்கிறார் ரோமானிய வரலாற்றாசிரியர் காசியஸ் டியோ. வீரர்களின் கணக்கு ஏட்டில் இருக்கிறது. அவர்கள் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதற்குக் குப்பைக்குழியைத்தான் கேட்க வேண்டும்.

இந்த ஊர்கள் பலவும் வெளிப்பட்டது நெடுஞ்சாலைகளின் புண்ணியத்தில். சாலை போடுமுன் தோண்டிப் பார்த்தாக வேண்டும். பல் இல்லாத அகன்ற வாளி பூட்டிய பொக்லைன் மேல்மண்ணை மெல்லிசாக வழித்துக்கொண்டே பின்னால் நகரும். ஆய்வாளர் தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடப்பார். கறுப்பு முடிந்து மஞ்சள் வண்டல் தொடங்கும் இடத்தில் வாளி நிற்க வேண்டும். ஒரு சாண் அதிகம் இறங்கினால் ஆழமில்லாத தூண்குழிகள் போயே போச்சு.

பிறகு மண்வெட்டிக்காரர்கள். அரத்தால் தீட்டிய தட்டை மண்வெட்டியால் தரையைச் சீவுவார்கள். என்னைக் கேட்டால், இதுதான் அந்தக் களத்தின் உச்சமான தொழில். வெயில் ஏறி மண் காய்ந்தால் இரண்டு நிறமும் வெளுத்து ஒன்றாகிவிடும். தண்ணீர் தெளித்தோ மழை பெய்த மறுநாளோதான் விளிம்பு மறுபடி தெரியும். எந்தத் திட்டு பழைய குழி, எது எலிவளை என்பதைப் பழகிய கூலியாள் மண்வெட்டி உரசும்போதே சொல்லிவிடுவார். அறிக்கையில் குழிக்கு எண் இருக்கும். இவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. சாலைக்காரர்களின் கெடு நெருங்க நெருங்க அவசரப்படுத்தப்படுவதும் இவர்தான்.

அளவெடுப்பு, கணினி வரைபடம் எல்லாம் இருக்கட்டும். குழிக்கு வருவோம். மேலே குறுகி, அடியில் வயிறு பெருத்த பானை போலிருக்கும் தானியக்குழியில் முதலில் பாதியை மட்டும் எடுப்பார்கள். வெட்டுமுகத்தில் சாம்பல், களிமண், எலும்பு என்று அடுக்கடுக்காகத் தெரியும். அதை வரைந்த பிறகே மறுபாதி. சாம்பல் மண்ணைத் தண்ணீரில் அலசினால் கருகிய பனிவரகு மிதக்கும். வண்டியிலேயே வாழ்ந்தவர்கள் என்று பேர் வாங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் இங்கே விதைத்து, அறுத்து, சேமித்திருக்கிறார்கள்.

கிடைப்பதில் பெரும்பங்கு, சக்கரத்தில் வனைந்த சாம்பல்நிறப் பானையோடுகள். இடையில் ஒன்றிரண்டு பளபளக்கும் சிவப்புச் சில்லுகள், ரோமானியப் பட்டறைகளில் செய்தவை. அவை அகப்பட்ட குழிக்குக் காலத்தை ஓரளவு நெருங்கிச் சொல்லலாம். மற்றக் குழிகளின் ஓடுகள் ‘சர்மாத்தியர் காலம்’ என்ற பொதுச்சீட்டோடு பெட்டிக்குப் போகின்றன.